சனிக்கிழமைப் பொட்டு

1

போன மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு விருந்து வைத்தார்கள். முன்பு இங்கே கால்பந்துக் குழுவுக்குக் கோச்சாக இருந்த டானலி என்பவரைக் கௌரவிக்க. கேடயம் ஒன்றில் அவர் பெயரைப் பொறித்து, மேடையில் வெல்வெட் துணியால் மூடி வைத்திருந்தார்கள். கோச் வரவில்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சி கொடுக்கிறாராம். அவரை வேலையை விட்டு அனுப்பிய அதே விளையாட்டுத் துறைத் தலைவர்தான் துணியை விலக்கிக் கை தட்டினார். உயிரோடு இருக்கும்போது சோறு போடாதவன் செத்த பிறகு படையல் போடுவான் என்று நாம் சொல்வோம். இங்கே ஆள் இருக்கும்போதே படையல் போட்டுவிடுகிறார்கள்.

அதுவாவது போகட்டும். தலைவர் பேச்சில் ஒரு வேடிக்கை சொன்னார்: "அந்தக் காலத்தில் எங்கள் கீழ்த்தளத்தில் ஓர் இந்திய மந்திரவாதி இருந்தார். ஹெல்மெட்டுகளுக்குச் சிவப்பு மந்திரப் புள்ளி வைப்பார். கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வைக்க மறுத்துவிட்டார். தோற்றோம். பாவம், டானலியின் வேலையும் போயிற்று!"

கூடம் முழுக்கச் சிரித்தது. தலைகள் என் பக்கம் திரும்பின. அந்த மந்திரவாதி நான்தான். ஜிம்மில் துணி துவைத்து, விளையாட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற பழனிசாமி. வாயில் கோழித்துண்டு இருந்தது. எழுந்து நின்று அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் பார்த்தால் எனக்குத் தமிழே வராது. இங்கிலீஷ் எங்கிருந்து வரும்? கோழியை மென்றுகொண்டிருந்தேன்.

மூன்று வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இங்கே யாரும் தமிழ் படிக்க மாட்டார்கள். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

2

மாண்ட்ரியலில் உலகக் கண்காட்சி நடந்த வருஷம், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மாவாட்ட வந்தவன் நான். கண்காட்சி முடிந்ததும் எல்லோரும் மனுப் போட்டார்கள், நானும் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் ஒன்று என்னைக் குடியேறியவன் ஆக்கிவிட்டது. மறு வருஷம் கல்லூரி ஜிம்மில் வேலை கிடைத்தது.

அதற்கடுத்த கோடையில் கோச் டானலி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த கழுத்து, ஒரு பக்கம் முழங்கால் மடங்காது. "பேர் என்ன?" என்றார். சொன்னேன். "அது நீளம். சாமி போதும்" என்றார். சாமி என்று கூப்பிட்டு, அதே மூச்சில் அழுக்கு ஜட்டி மூட்டையைத் தூக்கிப் போடுகிற ஊர் இது.

இவர்கள் கால்பந்து என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. கபடி ஆடுபவர்களுக்கு இரும்புச் சட்டி போல ஹெல்மெட்டும் தோளுக்குத் தலையணையும் கட்டி, நடுவில் ஒரு பந்தையும் போட்டுவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். கோச்சுக்கு அதிலும் குறை. அவருடைய அமெரிக்காவில் பந்தை முன்னேற்ற நாலு தடவை விடுவார்களாம், கனடாவில் மூன்று தடவைதான். "மூணு தடவையில எவன்டா உருப்படுவான்?" என்று ஏழு வருஷமும் கத்தினார்.

அவர் பிழைப்பு எனக்கு விசித்திரமாகப் பட்டது. இளவயதில் ஆடி முழங்காலை உடைத்துக்கொண்டவர். அப்புறம் ஊர் ஊராக உதவிக் கோச். ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம், இன்னொன்றில் மூன்று. தோற்றால் அனுப்பிவிடுவார்கள். வேறு ஊரில் யாராவது தோற்று அனுப்பப்பட்டிருந்தால் அந்த நாற்காலி இவருக்கு. நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் அவர் குடியிருந்த வீட்டுக்கு ஒரு தடவை பந்து மூட்டை கொண்டு போனேன். ஜன்னல்களில் பழைய படுக்கை விரிப்பு தொங்கியது. "திரை வாங்கினா அந்த வருஷமே ஊர் மாத்திடறாங்க. வாங்கறதையே விட்டுட்டேன்" என்றார் அவர் மனைவி. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பந்தைப் பிடிக்கிறானா, நழுவ விடுகிறானா என்பதில் தொங்குகிற குடும்பம்.

3

தவறு எங்கே ஆரம்பித்தது என்றால், ஆயுத பூஜையில்.

இங்கே இவர்களுக்கு ஆட்டக் காலம் இலையுதிர் காலம். நமக்குப் புரட்டாசி. அந்த வருஷம் பூஜை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தொழில் செய்யும் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் இருப்பது எப்படி? துவைக்கும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், தோள் தலையணை தைக்கும் தையல் மெஷின், பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அலமாரியில் ஹெல்மெட்டுகள் வரிசையாக இருந்தன. நான் துடைத்துப் பஞ்சு மாற்றி வைக்கிறவை, அவையும் என் ஆயுதம்தானே. பின்பக்கம், பிடரிக்கு மேலே ஆளுக்கொரு பொட்டு. பொரிக்கு வழியில்லை, பாலில் போட்டுத் தின்கிற பொரி டப்பாவை வாங்கிப் படைத்தேன். வெள்ளைப் பூசணிக்குப் பதில், அந்த மாதம் இவர்கள் முகம் செதுக்கி வாசலில் வைக்கிற மஞ்சள் பூசணி. திருஷ்டி சுற்றி ஜிம் வாசலில் உடைத்தேன். ஜிம்மைக் கூட்டுகிற லூசியன் பிரெஞ்சில் கொஞ்ச நேரம் பேசினான். நன்றிக்கு இவர்கள் சொல்கிற மெர்சி மட்டும் அதில் இல்லை.

மறுநாள் எங்கள் குழு, நாலு வருஷமாக ஜெயிக்க முடியாத ஒரு குழுவை ஜெயித்துவிட்டது.

திங்கட்கிழமை கோச் ஒரு ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். "இது என்ன?" என்றார்.

"பூஜை. சாமானுக்கு தேங்க்ஸ்" என்றேன். என் இங்கிலீஷ் அவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் நீதான் போட்டியா?"

"சாரி. துடைச்சிடறேன்."

"துடைச்சே, கொன்னுடுவேன். சனிக்கிழமைக்குப் புதுசாப் போடு."

ஆட்டத்தன்று ராசி பார்த்து எப்போதும் ஒரே தொப்பியைப் போடுகிறவர், ஒரே மாதிரி முட்டை ரொட்டியைத் தின்கிறவர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

4

வருஷத்துக்கு ஒரு நாள் பூஜை, வாராவாரம் ஆயிற்று. வெள்ளி மாலை கீழ்த்தளக் கதவில் தலை நீட்டுவார்: "சாமி, டாட் போட்டாச்சா?" பொட்டு அவர் வாயில் டாட். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதற்குள் ஊரிலிருந்து வந்துவிட்ட என் மனைவி சரசுவுக்கு ஒரே சிரிப்பு. "நம்ம ஊர்ல வருசத்துக்கு ஒரு சரஸ்வதி பூசை. உங்க காலேசுல வாரத்துக்கு ஒண்ணு. அப்புறமும் தோக்குறானுங்களே, படிக்கிற பசங்களா அவனுங்க?"

ஜெயித்தால் கோச்சின் திட்டம். தோற்றால் பொட்டு கோணல். ஒரு தடவை நடுவர், இது என்ன புள்ளி என்று பிடித்துக்கொண்டார். கோச் கண்ணை இமைக்காமல், "ஹெல்மெட் சைஸ் அடையாளம்" என்றார். எல்லா மண்டையும் ஒரே சைஸா என்று நடுவர் கேட்காததுதான் ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. நாங்கள் வில்லரே பேட்டையில் குடியிருந்தோம். மகள் வசந்தியைப் பக்கத்திலிருந்த பள்ளியில் சேர்த்துவிட்டேன். அது பிரெஞ்சுப் பள்ளி என்று பிறகுதான் தெரிந்தது. சரசு தமிழில் கேட்பாள், இவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். நான் இங்கிலீஷில் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்துவாள். டெபனர் என்று இங்கே சொல்கிற சில்லறைக் கடைக்கு நான் பால் வாங்கப் போனால், கூட வராமல் தெருமுனையிலேயே நின்றுகொள்வாள். பொட்டு வைத்துக்கொள்ளடி என்றால், "உங்க ஹெல்மெட்டுக்கு வைங்க" என்பாள். அது மட்டும் நல்ல தமிழில் வரும்.

5

ஏழாவது வருஷம் குழு தேய்ந்துவிட்டது. நல்ல பையன்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். கடைசி ஆட்டம் நடக்கிற வாரம் துறைத் தலைவர் கோச்சைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இதையும் தோற்றால் அடுத்த வருஷம் வேறு ஆள். கீழ்த்தளத்தில் எல்லாச் செய்தியும் அழுக்குத் துணியோடு வந்துவிடும். எனக்கும் வந்தது.

அந்த வியாழக்கிழமைதான் ஊரிலிருந்து தந்தி. என் அண்ணன் இறந்துவிட்டார்.

போக முடியாது. டிக்கெட்டுக்கு வழியில்லை, போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சரசு சாமி அலமாரியைத் துணியால் மூடினாள். கூடப் பிறந்தவர் சாவு, பதினாறு நாள் தீட்டு. விளக்கேற்றக் கூடாது, குங்குமத்தைத் தொடக் கூடாது.

மறுநாள் காலை அலுவலகத்தில் லீவு கேட்டேன். அங்கிருந்த அம்மாள் புத்தகத்தைப் புரட்டினாள். "அண்ணனுக்கு ஒரு நாள்."

"பதினாறு நாள் துக்கம், மேடம்."

"அப்பா அம்மாவுக்கே மூணுதான். இறப்புச் சான்றிதழ் இங்கிலீஷிலோ பிரெஞ்சிலோ வேணும்."

"தமிழ்லதான் வரும்."

"அப்போ மொழிபெயர்த்து, முத்திரை வாங்கிட்டு வாங்க."

அந்த ஒரு நாளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே போய்த் துணி துவைத்தேன். துவைப்பதற்குத் தீட்டு இல்லை.

6

மாலை கதவில் தலை நீண்டது. "சாமி, டாட் போட்டாச்சா?"

"கோச், என் அண்ணன் செத்துப் போயிட்டார்."

உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். என் தோளில் கை வைத்து, "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். உண்மையான வருத்தம்தான். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, அந்த டாட்?" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நான் தொடக் கூடாது. சாவு வீடு. சாமி காரியம் கூடாது" என்றேன்.

"எவ்வளவு நாள்?"

"பதினாறு."

"ஆட்டம் நாளைக்கு, சாமி!" என்று கத்தினார். என் அண்ணன் நாள் பார்த்துச் செத்திருக்க வேண்டும் என்பது போல. அவர் முகத்தைப் பார்த்தேன். அது பொட்டுக்காகக் கெஞ்சுகிற முகம் அல்ல, ஐம்பது வயதில் மறுபடி மூட்டை கட்டப் போகிறவரின் முகம். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

"வேற இந்தியர் யாராவது?" என்றார்.

டாக்டர் சுந்தரத்துக்குப் போன் போட்டேன். சென்னைக்காரர், இதய மருத்துவர், ஞாயிறுதோறும் வீட்டில் பஜனை வைப்பவர்.

"என்ன பழனிசாமி, இந்தக் காலத்துல போய் தீட்டுங்கறே? கடல் தாண்டினவனுக்கு ஏதுய்யா தீட்டு? சாஸ்திரப்படி நாம வந்தப்பவே எல்லாம் போச்சு. நீ பாட்டுக்கு வெச்சுட்டுப் போ."

"அப்ப நீங்க வந்து வைக்கிறீங்களா, டாக்டர்?"

"நானா? அந்தத் தடியங்க ஹெல்மெட்டுக்கா? நாளைக்கு எனக்கு டியூட்டிப்பா."

போனை வைத்துவிட்டார். கோச் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போட்டா ஆகுமா? என் வீட்டில யாரும் சாகலை" என்றார்.

யோசித்தேன். கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. குங்குமச் சிமிழ் என் அலமாரியில் இருந்தது. அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"எந்த விரல்?"

"மோதிர விரல்."

அவருக்கு அந்த விரல் ஆடின காலத்தில் உடைந்து ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. அதையே குங்குமத்தில் தோய்த்தார். முதல் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வைக்கும்போது என்ன சொல்லுவே?" என்றார்.

"மனசுக்குள்ள."

"அதான், என்ன? ஜெயிக்கணும்னுதானே?"

"இல்லை. பையனுக்குத் தலையில் அடிபடக் கூடாதுன்னு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இத்தனை வருஷமா? ஒரு தடவைகூட ஜெயிக்கணும்னு கேட்டதில்லையா?"

"ஹெல்மெட்டுகிட்ட வேற என்ன கேக்கறது, கோச்?"

ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டார். கழுத்துச் சிவப்பு காதுவரை ஏறியது. "ஏழு வருஷம்! ஏழு வருஷமா நீ எனக்காக வேண்டறேன்னு நினைச்சேனேடா!" என்றார். அப்புறம் மறுபடி விரலைக் குங்குமத்தில் தோய்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைத்தார். உதடு அசைந்தது. என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

7

சனிக்கிழமை மழையும் பனியுமாகக் கொட்டியது. கடைசிக் கால் பகுதி வரை நாங்கள் சின்ன வித்தியாசத்தில் பின்தங்கி இருந்தோம். பந்தை எறிகிற பையன் கெவின் நன்றாக ஆடினான். அவன் இருந்தால் எட்டிப் பிடித்துவிடலாம் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். எழுந்தான். எழுந்து எதிர்க் குழுவின் பக்கம் நடந்தான். யாரோ திருப்பிக் கூட்டி வந்தார்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்தோம். நான் வாளியும் துண்டுமாக நின்றேன்.

இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு மருந்தை மூக்கில் காட்டுவார்கள், தும்முவான், முதுகில் தட்டி உள்ளே அனுப்புவார்கள். கோச்சே அப்படி அனுப்பியிருக்கிறார். எல்லாக் கல்லூரியிலும் அதுதான் வழக்கம்.

"கெவின், இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் கோச்.

"ஐ'ம் ஓகே, கோச்."

"கிழமை என்னடா?"

"ஐ'ம் ஓகே, கோச்."

உதவிக் கோச் மருந்துக் குப்பியைத் திறந்தான். "நேரம் போகுது. அவன் இல்லாட்டி முடிஞ்சுது" என்றான். மேலே இருக்கையில் துறைத் தலைவர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கோச் மேலே பார்த்தார், பையனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கெவினின் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதை என் கையில் திணித்து, "இதைக் கொண்டு போய்ப் பூட்டு. அவன் கேட்டாலும் கொடுக்காதே" என்றார்.

அவன் கேட்டான். மூன்று தடவை கேட்டான். கெட்ட வார்த்தையிலும் கேட்டான். நான் கொடுக்கவில்லை.

அவனுக்குப் பதிலாக இறங்கிய பையன் பந்தை நேராக எதிராளியிடமே எறிந்தான். தோற்றோம்.

இந்தக் கெவின் இப்போது வக்கீல். அன்று விருந்தில் என் எதிர் மேசையில் உட்கார்ந்து, மந்திரவாதிக் கதைக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் அவன்தான். அவனைக் குறை சொல்லவும் வழியில்லை. அந்த ஆட்டமே அவனுக்கு நினைவில் இல்லை. ஆனால் துறைத் தலைவர் குடைக்குக் கீழிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். பொட்டு அன்றும் இருந்தது. வைத்த கைதான் வேறு. தோற்றது பொட்டால் அல்ல. கோச் தெரிந்தே தோற்றார். அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

8

ஞாயிறு காலை தலைவர் போனிலேயே முடித்துவிட்டாராம். மத்தியானம் கோச் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த ஊர் வீடுகளுக்கு மாடிப்படி தெருப்பக்கம் வெளியே இருக்கும், இரும்புப் படி. மடங்காத காலை இழுத்து இழுத்து ஏறி வந்தார். கையில் ஒரு கேக். துக்க வீட்டுக்கு கேக் கொண்டுவந்த முதல் மனிதர்.

சரசு வா என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அவர் வாசலிலேயே நின்றார். "வசந்தி, அவரை உட்காரச் சொல்லு. சாவு வீட்ல 'வாங்க'ன்னு கூப்பிடறதில்லைன்னு சொல்லு" என்றேன். முதன்முறையாக எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள்.

உட்கார்ந்தார். வேலை போனதைச் சொன்னார். துக்கம் கேட்க வந்தவருக்கு நான் எப்படித் துக்கம் கேட்பது? இரண்டு பேரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உன் அண்ணன் பேர் என்ன?" என்றார். என் இங்கிலீஷ் போதாதென்று வசந்தியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பா பேரு என்னப்பா?" என்றாள்.

என் மகளுக்கு என் அண்ணன் பேர் தெரியவில்லை. அலுவலகம் சான்றிதழ் கேட்டது, டாக்டர் சாஸ்திரம் சொன்னார். பேர் கேட்டது இந்த ஆள் ஒருவர்தான். "மாரிமுத்து" என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

"என்ன வேலை பார்த்தார்?"

"பஸ் கண்டக்டர்."

"எந்த ஊர்ல எல்லாம்?"

"ஒரே ஊர். ஒரே ரூட். ரிட்டயர் ஆகற வரைக்கும்."

வசந்தி சொல்லி முடித்ததும் கோச் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "ஒரே ரூட்டா?" என்று மறுபடி கேட்டார். வேகமாக இன்னும் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை.

"பெரியப்பாவை யாருமே வேலையை விட்டு அனுப்பலையான்னு கேக்குறாருப்பா."

"இல்லைன்னு சொல்லு. அந்த பஸ்சு ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. பெரியப்பா டீக்கடையில் இறங்கினா டிரைவர் ஹாரன் அடிச்சாதான் வருவார். அப்பவும் யாரும் அனுப்பலை."

அவள் அதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். டீக்கடையிடம் வந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டாள். கோச் முதலில் மூக்கால் சிரித்தார். அப்புறம் தொடையைத் தட்டி, கண்ணில் நீர் வர, நாற்காலி கிறீச்சிட, உடம்பு முழுக்கச் சிரித்தார். அண்ணன் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு ஆற அமரப் படியேறுவது என் கண் முன்னால் வந்தது. என்னாலும் அடக்க முடியவில்லை.

துக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுச் சரசு கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணனைப் பறிகொடுத்தவன், வேலையைப் பறிகொடுத்தவர், பன்னிரண்டு வயதுப் பெண் என்று மாறி மாறிப் பார்த்தாள். யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.